'பொறு' என்று சொல்லும் நரம்பணுக்கள்

படிக்க ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு சின்ன விளையாட்டு.

கடிகாரத்தை எதிரே வைத்துக்கொள்ளுங்கள். நான் 'ஆரம்பி' என்றதும் கண்ணைச் சிமிட்டக் கூடாது. எவ்வளவு நேரம் முடிகிறதோ, அவ்வளவு நேரம் இருங்கள். கண் எரிந்தால் உடனே விட்டுவிடலாம். பந்தயம் எதுவும் இல்லை. தயாரா? ஆரம்பி!

சிமிட்டிவிட்டீர்களா? பரவாயில்லை, எல்லோரும் சிமிட்டித்தான் ஆகவேண்டும். இப்போது கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள். சிமிட்டுவதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது?

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு லேசாக ஓர் உறுத்தல். அப்புறம், 'சிமிட்டு, சிமிட்டு' என்று உள்ளேயிருந்து ஓர் உந்துதல். நேரம் ஆக ஆக அது ஏறிக்கொண்டே போனது. கடைசியில் கண் மூடித் திறந்தது. அந்த நொடியே 'அப்பாடா' என்றிருந்தது. சரிதானே?

"அந்த உந்துதல் எங்கேயிருந்து வந்தது மாமா?" என்று யாராவது இந்நேரம் கேட்டிருந்தால், சபாஷ்! அருமையான கேள்வி. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் இன்று நாம் மூளைக்குள் போகப் போகிறோம்.

இந்த மாதிரிப் பிள்ளைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒருவன் அடிக்கடி கண்ணைச் சிமிட்டுவான். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே தோளைக் குலுக்குவான். இன்னொருத்தி சளியே இல்லாமல் தொண்டையைச் செருமுவாள், மூக்கை உறிஞ்சுவாள். மருத்துவர்கள் இதை 'டிக்' என்கிறார்கள். திடீரென்று வரும், சட்டென்று முடியும், அப்புறம் மறுபடி வரும்.

நீங்கள் சற்றுமுன் உணர்ந்தீர்களே ஓர் உந்துதல், அதைப் போன்ற ஒன்று டிக் உள்ள பிள்ளைகள் பலருக்கு நாள் முழுக்க வந்து வந்து போகிறது. கொஞ்ச நேரம் அடக்கலாம். ஒரு பாடவேளை முழுக்க அடக்கிக்கொண்டு உட்காரும் பிள்ளைகள்கூட உண்டு. ஆனால் அடக்க அடக்க உந்துதல் ஏறும். வீட்டுக்கு வந்து பையைக் கழற்றி வைத்ததும் எல்லாம் சேர்ந்து வெளியே வரும். "பள்ளிக்கூடத்துல ஒழுங்காத்தானே இருந்தே, இங்க மட்டும் வேணும்னே பண்றியா?" என்று அம்மா கேட்பார். அம்மாவைக் குறை சொல்ல முடியாது. பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் தெரியும்.

பாரிஸ் நகரத்தில் சால்பெத்ரியேர் என்று ஒரு பெரிய மருத்துவமனை. 1885-இல் அங்கே பணியாற்றிய ஜில் த லா டூரெட் என்ற இளம் மருத்துவர், இப்படிப்பட்ட 9 பேரைப் பற்றி விரிவாக எழுதினார். அவருடைய ஆசிரியர் ஷார்க்கோ அந்த நிலைக்கு மாணவரின் பெயரையே வைத்துவிட்டார். பல அசைவு டிக்குகளும், குறைந்தது ஒரு குரல் டிக்கும் 18 வயதுக்கு முன்பே தொடங்கி, ஓர் ஆண்டுக்கு மேல் நீடித்தால் இன்றும் அதற்கு 'டூரெட்' என்றுதான் பெயர். பெரும்பாலும் 5, 6, 7 வயதில் தொடங்கும். 10 முதல் 12 வயதுக்குள் அதிகமாக இருக்கும். பிறகு வளர வளரப் பலருக்கும் குறைந்துவிடும். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்கு மூன்று நான்கு மடங்கு அதிகம்.

நீண்ட காலம் இதை வளர்ப்பின் கோளாறு என்றும் மனக்கோளாறு என்றும் பலர் நினைத்தார்கள். 1960-களில் ஒரு மருந்து கொடுத்து டிக் குறைவதைப் பார்த்த பிறகுதான் மருத்துவர்களின் கவனம் முழுசாக மூளைப் பக்கம் திரும்பியது.

இதுவரை புரிகிறதா? புரியாவிட்டால் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு இன்னொரு முறை படியுங்கள். நான் காத்திருக்கிறேன்.

சரி, இப்போது உள்ளே போவோம்.

மூளை என்றதும் உங்களுக்கு மடிப்பு மடிப்பான மேற்பகுதிதான் நினைவுக்கு வரும். பாடப்புத்தகப் படத்தில் அதுதானே பெரிதாகத் தெரிகிறது! நாம் தேடி வந்த இடம் அங்கே இல்லை. அது நல்ல ஆழத்தில், மூளையின் நடுப்பக்கமாக இருக்கிறது. நரம்பணுக்கள் கொத்துக் கொத்தாகக் கூடியிருக்கும் பகுதி. அதற்கு 'பேசல் கேங்லியா' என்று பெயர். அதிலே மிகப் பெரிய கொத்து 'ஸ்ட்ரையேட்டம்'. இந்த ஒரு பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், போதும். ஸ்ட்ரையேட்டம்.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற புகழ்பெற்ற கல்வி நிறுவனம் இருக்கிறது. அங்கே ஆன் கிரேபீல் என்ற பெண் விஞ்ஞானி 1971-இல் முனைவர் பட்டம் பெற்றார். 1973-இல் அங்கேயே ஆசிரியராகச் சேர்ந்தார். அவர் ஆராய்வதற்கு எடுத்துக்கொண்டது இந்த ஸ்ட்ரையேட்டத்தைத்தான். 'அங்கே என்ன இருக்கிறது, எல்லா இடமும் ஒரே மாதிரி' என்று அன்றைக்குப் பலரும் எண்ணிய பகுதி அது. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாலும் அப்படித்தான் தெரியும். மேல்மூளையில் அழகழகான அடுக்குகள் தெரியும். இங்கே ஒன்றுமே தெரியாது.

கிரேபீல் என்ன செய்தார் தெரியுமா? ஸ்ட்ரையேட்டத்தை மெல்லிய சீவல்களாக வெட்டி எடுத்து ஒரு வேதியியல் சோதனை செய்தார். ஒரு குறிப்பிட்ட நொதி எங்கே நிறைய இருக்கிறதோ அங்கே மட்டும் அடர்த்தியாக நிறம் ஏறும். அதுதான் சோதனை. சீவலை எடுத்துப் பார்த்தால், அடர்ந்த நிறத்துக்கு நடுவே அங்கங்கே வெளிறிய திட்டுகள்! அடுத்த சீவலிலும் திட்டுகள். அதற்கடுத்ததிலும் அப்படியே. சீவல்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தபோது, இந்தத் திட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து வளைந்து நெளிந்து உள்ளே ஓடுவது தெரிந்தது. மனிதன், குரங்கு, பூனை மூன்றின் மூளையிலும் இது இருந்தது. 1978-இல் கிரேபீலும் அவருடன் வேலை செய்த கிளிஃப்டன் ராக்ஸ்டேலும் இதை வெளியிட்டார்கள். திட்டுகளுக்கு 'ஸ்ட்ரையோசோம்' என்று பெயர் வைத்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இது. புது நுண்ணோக்கி எதுவும் வரவில்லை, பொருளும் பழைய பொருள்தான். வேறொரு நிறம் ஏற்றிப் பார்க்கலாமே என்று ஒருவருக்குத் தோன்றியது, அவ்வளவுதான்!

சரி, ஸ்ட்ரையேட்டம் செய்யும் வேலை என்ன?

இதைத் தெரிந்துகொள்ள கிரேபீலின் ஆய்வகத்தில் எலிகளை ஓடவிட்டார்கள். ஆங்கில எழுத்து 'டி' வடிவத்தில் ஒரு சின்னப் பாதை. அடியில் எலி நிற்கும். 'க்ளிக்' என்ற சத்தத்தோடு கதவு திறக்கும். எலி நேரே ஓடும். வழியில் ஒரு ஒலி கேட்கும். ஒரு சுருதியில் கேட்டால் இடது பக்கம் திரும்பவேண்டும், வேறு சுருதியில் கேட்டால் வலது பக்கம். சரியாகத் திரும்பினால் பரிசு உண்டு. என்ன பரிசு? சாக்லேட் தூள்! எலிகளுக்கும் உங்களுக்கும் இந்த விஷயத்தில் அதிக வித்தியாசம் இல்லை.

எலியின் ஸ்ட்ரையேட்டத்தில் மிக மெல்லிய கம்பிகளைப் பொருத்தியிருந்தார்கள். நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று மின் துடிப்புகளால்தான் செய்தி அனுப்புகின்றன. அந்தத் துடிப்பு எப்போது வருகிறது என்று கம்பி காட்டிக்கொடுக்கும்.

முதல் நாட்களில் எலிக்கு வழி தெரியாது. நிற்கும், மோந்து பார்க்கும், தப்பான பக்கம் போகும். அப்போதெல்லாம் ஓட்டம் முழுக்க நரம்பணுக்கள் துடித்துக்கொண்டே இருந்தன. நாள்பட நாள்பட எலி பழகிவிட்டது. கதவு திறந்ததும் ஒரே ஓட்டமாக ஓடிச் சாக்லேட்டில் போய் நிற்கும். இப்போது துடிப்பைப் பார்த்தால் ஓர் ஆச்சரியம். ஓட்டம் தொடங்கும்போது ஒரு பலத்த துடிப்பு. முடியும்போது ஒரு பலத்த துடிப்பு. நடுவில் ஏறக்குறைய அமைதி!

உங்கள் பள்ளிக்கூட மணியை நினைத்துக்கொள்ளுங்கள். பாடவேளை தொடங்கும்போது அடிக்கும், முடியும்போது அடிக்கும். நடுவில் டீச்சர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது அடிக்குமா? அடிக்காது. தொடக்க மணிக்கும் முடிவு மணிக்கும் நடுவே இருப்பதெல்லாம் சேர்ந்து 'ஒரு பாடவேளை' ஆகிவிடுகிறது. எலியின் ஸ்ட்ரையேட்டமும் அதைத்தான் செய்தது. கிளம்பு, ஓடு, கேள், திரும்பு, நில் என்று தனித்தனியாக இருந்த அசைவுகளை ஒரே கட்டாகக் கட்டி, இரண்டு பக்கமும் மணி அடித்துவிட்டது. இந்த முடிவு 1999-இல் வெளியானது.

உங்களுக்கும் இது நடந்திருக்கிறது. 'அ' எழுதப் பழகிய நாளை அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வளைவுக்கும் நின்று நின்று, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதியிருப்பீர்கள். இன்றைக்கு? பேசிக்கொண்டே எழுதுகிறீர்கள். கை தானாகப் போகிறது. சைக்கிள் மிதிப்பது, சட்டைப் பொத்தான் போடுவது எல்லாமே இப்படிக் கட்டப்பட்டவைதான்.

இங்கே ஒரு புத்திசாலிப் பிள்ளை கையைத் தூக்கும் என்று எனக்குத் தெரியும். "மாமா, யாரும் கேட்காமலே தொடக்க மணி அடித்துவிட்டால்?"

இதைத்தான் எதிர்பார்த்தேன்! டிக் பற்றிய ஆராய்ச்சி முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடக்கிறது.

அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் உங்களை வியக்க வைக்கும் ஒரு செய்தி. உடம்பை அசைப்பதற்காக மூளை எப்போதும் 'செய், செய்' என்று கட்டளை போடுவதாகத்தானே நினைக்கிறோம்? பேசல் கேங்லியாவின் வாசலில் இருக்கும் நரம்பணுக்கள் சொல்வது அதற்கு நேர் எதிர். நீங்கள் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அவை நொடிக்குப் பத்துக்கணக்கான தடவை துடித்து 'வேண்டாம், வேண்டாம்' என்று சொல்லிக்கொண்டே இருக்கின்றன. நீங்கள் கையைத் தூக்க நினைத்ததும், ஸ்ட்ரையேட்டத்தில் கைக்கு உரிய சின்ன இடம் விழித்து, கைக்கான 'வேண்டாம்' என்பதை மட்டும் நிறுத்துகிறது. கை எழும்புகிறது. கால், கழுத்து, கண் இமை எல்லாவற்றுக்கும் 'வேண்டாம்' தொடர்கிறது. அதனால்தான் கையைத் தூக்கும்போது கூடவே கழுத்து ஆடுவதில்லை.

ஆக, ஒரு அசைவு நடக்கவேண்டுமானால் ஒரு தடை விலகவேண்டும். இதை மெல்ல இன்னொரு முறை மனசுக்குள் சொல்லிப் பாருங்கள். புரிந்துவிட்டால் பாதி மூளை நிபுணர் ஆகிவிட்டீர்கள்.

இந்தத் தடையும் விடுதலையும் சரியாக நடக்க டோபமைன் என்ற வேதிப்பொருள் வேண்டும். அதன் வேலை கண்டறியப்பட்ட கதையில் நம் நாட்டு மூலிகை ஒன்று வருகிறது. சர்ப்பகந்தி என்ற செடியைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ரத்தக் கொதிப்புக்கு நம் நாட்டு மருத்துவர்கள் அதன் வேரைக் கொடுத்துவந்தார்கள். 1952-இல் சுவிட்சர்லாந்தில் அந்த வேரிலிருந்து ரிசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன் என்பவர் அதை முயல்களுக்குச் செலுத்தினார். முயல்கள் காதைத் தொங்கப்போட்டு அசையாமல் கிடந்தன. பிறகு, உடம்பு டோபமைனாக மாற்றிக்கொள்ளும் ஒரு பொருளைக் கொடுத்தார். கால் மணி நேரத்துக்குள் முயல்கள் எழுந்து நடமாடின! இது 1957-இல். டோபமைன் குறைந்தால் அசைவே நின்றுபோகிறது என்று இதிலிருந்து புரிந்தது. வயதானவர்களுக்கு வரும் பார்க்கின்சன் நோய்க்கு இன்றும் கொடுக்கப்படும் மாத்திரை இந்த வழியில் வந்ததுதான். கார்ல்சனுக்கு 2000-இல் நோபல் பரிசு கிடைத்தது.

டிக் இதற்கு மறுபக்கம். டோபமைனின் வேகத்தைக் குறைக்கும் மருந்துகள் டிக்கைக் குறைக்கின்றன. 1960-களில் கொடுத்த மருந்து என்றேனே, அதுவும் இந்த வகைதான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். யாரும் கேட்காமல் ஒரு அசைவு ஏன் கிளம்புகிறது?

ஸ்ட்ரையேட்டத்துக்குள் ஒரு வகைக் குட்டி நரம்பணுக்கள் உண்டு. எண்ணிக்கையில் மிகவும் குறைவு. ஆனால் வேகமாகத் துடிக்கும். அக்கம்பக்கத்து நரம்பணுக்களிடம் 'பொறு' என்று சொல்வதுதான் அவற்றின் வேலை. குரங்குகளிடம் ஒரு சோதனை செய்திருக்கிறார்கள். ஸ்ட்ரையேட்டத்தில் ஒரு சின்ன இடத்தில் மட்டும் இந்தப் 'பொறு' எடுபடாதபடி ஒரு துளி மருந்தைச் செலுத்தினார்கள். உடனே முகமோ கையோ திரும்பத் திரும்ப வெட்டி இழுத்தது, டிக் மாதிரியே. மருந்தின் வேகம் தீர்ந்ததும் அதுவும் நின்றுவிட்டது.

அப்படியானால் டூரெட் உள்ள மனிதர்களிடம் இந்தப் 'பொறு' நரம்பணுக்கள் எப்படி இருக்கும்? உயிரோடு இருப்பவரின் மூளையைச் சீவிப் பார்க்க முடியாதல்லவா? டூரெட் இருந்த சிலருடைய மூளை, அவர்கள் இறந்த பிறகு ஆராய்ச்சிக்காகக் கொடுக்கப்பட்டிருந்தது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஃப்ளோரா வக்காரினோ என்ற விஞ்ஞானியின் ஆய்வகத்தில் அவற்றை எடுத்து ஆராய்ந்தார்கள். ஸ்ட்ரையேட்டத்தில் இந்த வகை நரம்பணுக்களில் மட்டும் இருக்கும் ஒரு புரதத்துக்கு நிறம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்து எண்ணினார்கள். பொறுமை தேவைப்படும் வேலை இது. டூரெட் இல்லாதவர்களின் மூளையிலும் அதே போல எண்ணி ஒப்பிடவேண்டும்.

2005-இல் வெளியான அந்தக் கட்டுரையில் முதல் பெயர் யாருடையது தெரியுமா? பால் கலாநிதி. தென்னிந்தியாவிலிருந்து அமெரிக்கா போன பெற்றோருக்குப் பிறந்தவர். அப்போது யேலில் மருத்துவ மாணவர். பின்னாளில் மூளை அறுவை மருத்துவர் ஆனார். 2015-இல், 37 வயதிலேயே, புற்றுநோயால் காலமானார். அவர் எழுதிய தன் வரலாற்று நூல் உலகம் முழுக்கப் படிக்கப்படுகிறது. கொஞ்சம் பெரியவர்கள் ஆனதும் நீங்களும் படிப்பீர்கள்.

அவர்கள் கண்டது இதுதான். டூரெட் இருந்தவர்களின் ஸ்ட்ரையேட்டத்தில் 'பொறு' நரம்பணுக்கள் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தன. இன்னொரு விசித்திரமும் தெரிந்தது. பேசல் கேங்லியாவின் வேறொரு பகுதியில் அதே புரதம் உள்ள நரம்பணுக்கள் கூடுதலாக இருந்தன! அம்மா வயிற்றில் குழந்தையின் மூளை உருவாகும்போது, இந்த நரம்பணுக்கள் ஓரிடத்தில் பிறந்து வேறிடத்துக்கு ஊர்ந்து போய்த்தான் தங்குகின்றன. போகவேண்டிய இடத்துக்குச் சில போய்ச் சேரவில்லையோ என்பது ஆராய்ச்சியாளர்களின் யூகம். 2010-இல் அதே ஆய்வகம் வேறு சில மூளைகளையும் சேர்த்துப் பார்த்தது. அப்போதும் இதே குறைவு தெரிந்தது.

கொஞ்சம் நின்று யோசியுங்கள். அம்மா வயிற்றில் இருக்கும்போதே தொடங்கியிருக்கக்கூடிய ஒன்றுக்காக, ஒரு பத்து வயதுப் பையனை வகுப்புக்கு வெளியே நிற்கவைப்பது எந்த ஊர் நியாயம்? எனக்குக் கோபம்தான் வருகிறது.

கிரேபீலிடம் திரும்பப் போகலாம். 2013-இல் அவருடைய ஆய்வகத்தில் எரிக் பூர்கியேர் என்பவர் சுண்டெலிகளை வைத்து ஓர் அழகான சோதனை செய்தார். அந்தச் சுண்டெலிகளுக்கு ஒரு மரபணு இல்லை. அதனால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருக்கும், புண்ணாகும் வரைக்கும். சோதனையில் முதலில் ஒரு ஒலி. அடுத்து முகத்தில் ஒரு துளி நீர். நீர் பட்டால் எந்தச் சுண்டெலியும் துடைத்துக்கொள்ளும். சாதாரணச் சுண்டெலிகளும் முதலில் ஒலி கேட்டதுமே துடைக்க ஆரம்பித்தன. பிறகு, 'ஒலிக்கு எதற்குத் துடைக்கவேண்டும், நீர் விழுந்த பிறகு போதும்' என்று கற்றுக்கொண்டன. மரபணு இல்லாதவற்றால் அந்தப் பொறுமையைக் கற்க முடியவில்லை. ஒலி கேட்டதுமே துடைத்தன, ஒவ்வொரு தடவையும்.

அவற்றின் மூளையைப் பார்த்தால் என்ன இருந்தது? ஊகித்துவிட்டீர்களா? ஆமாம், ஸ்ட்ரையேட்டத்தில் 'பொறு' நரம்பணுக்களின் வேலை குறைவாக இருந்தது. மேல்மூளையிலிருந்து ஸ்ட்ரையேட்டத்துக்கு வரும் ஒரு பாதையில் ஒளியைப் பாய்ச்சி அந்தப் பாதையைத் தட்டி எழுப்பினார்கள். அதற்காக அந்த நரம்பணுக்களை முன்கூட்டியே ஒளிக்குத் துடிக்கும்படி மாற்றியிருந்தார்கள். ஒளி பட்டதும், ஒலிக்குத் துடைப்பது நின்றது. நீர் பட்டால் மட்டும் துடைத்தன.

சுண்டெலிக்கு இருந்தது டூரெட் அல்ல. செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யும் வேறொரு வகைக் கோளாறு அது. ஆனால் இரண்டும் ஒரே வட்டாரத்தில் நடக்கின்றன. டூரெட் உள்ள பலருக்கு அந்தக் கோளாறும் சேர்ந்தே வருவது உண்டு. அந்த வெளிறிய திட்டுகளை மறந்துவிட்டீர்களா? 2000-இல் கிரேபீலின் ஆய்வகம் வேறொன்றும் கண்டது. மருந்தின் வேகத்தில் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் எலிகளில், சுற்றுப்புறத்தைவிட அந்தத் திட்டுகள்தான் அதிகமாக வேலை செய்தன. 1978-இல் கிடைத்த திட்டுகளுக்கு ஒரு வேலை தெரிய 22 ஆண்டுகள்!

ஒரு வார்த்தை, பெரியவர்களுக்கு. நமக்கு மூளையில் ஒளியைப் பாய்ச்சவேண்டியதில்லை. டிக் உள்ள பெரும்பாலான பிள்ளைகளுக்கு மருந்தே தேவைப்படாது. தொந்தரவு அதிகமாக இருப்பவர்களுக்கு ஒரு பயிற்சி இருக்கிறது. உந்துதல் வருவதை முதலில் கவனிக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். வந்ததும், அந்த டிக்கோடு சேர்ந்து நடக்க முடியாத வேறொரு சின்ன அசைவைச் செய்யவேண்டும். தொண்டை செருமல் வருகிறதா? மூக்கு வழியாக மெதுவாக மூச்சு விடு. கழுத்து வெட்டுகிறதா? கழுத்தை நேராக, லேசாக இறுக்கிப் பிடி. உந்துதல் தானாகத் தணியும் வரை அப்படியே இரு. அமெரிக்காவில் 9 முதல் 17 வயதுவரை உள்ள 126 பிள்ளைகளிடம் இதைச் சோதித்து, 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். 10 வாரத்தில் இந்தப் பயிற்சி பெற்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நல்ல முன்னேற்றம். வெறும் ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் ஐந்தில் ஒருவருக்குக்கூட அது கிடைக்கவில்லை. இதைச் சொல்லித்தர முறையாகப் பயின்றவர்கள் வேண்டும். 'செய்யாதே' என்று மிரட்டுவது பயிற்சி ஆகாது.

மிரட்டினால் என்ன ஆகும்? டிக் கூடும். பதற்றம், களைப்பு, மிகுந்த உற்சாகம் மூன்றுமே டிக்கைக் கூட்டும். அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாலும் கூடும். பாட்டிலோ விளையாட்டிலோ முழுசாக மூழ்கிவிட்டால் குறையும்.

டிம் ஹோவர்ட் என்று ஒரு கால்பந்து வீரர். அமெரிக்காவின் கோல் காப்பாளராக இருந்தவர். அவருக்குப் பள்ளிப் பருவத்திலிருந்தே டூரெட். பந்து தூரத்தில் இருக்கும்போது அவருடைய முகமும் தோளும் வெட்டும். பந்து நெருங்கியதும் உடம்பு சொன்னபடி கேட்கும் என்று அவரே சொல்லியிருக்கிறார். 2014 உலகக் கோப்பையில் பெல்ஜியத்தின் உதைகளை ஒரே ஆட்டத்தில் 15 தடவைக்குக் குறையாமல் தடுத்தார். அணி 2-1 என்று தோற்றுவிட்டது. ஆனால் அன்று இரவு எல்லோரும் பேசியது அவரைப் பற்றித்தான்.

நீங்கள் கேட்க நினைத்த இன்னும் இரண்டு கேள்விகள் இருக்கும். டிக் தொற்றுமா? தொற்றாது, தாராளமாகப் பக்கத்தில் உட்காரலாம். அறிவைக் குறைக்குமா? குறைக்காது.

உங்களுக்கே டிக் இருந்தால் ஒளித்துவைக்காதீர்கள். வீட்டில் சொல்லுங்கள், குழந்தைகள் நல மருத்துவரிடம் கூட்டிப்போவார்கள். உங்கள் நண்பனுக்கு இருந்தால் அவனைப் போலச் செய்து காட்டாதீர்கள், 'நிறுத்துடா' என்றும் சொல்லாதீர்கள். பார்க்காததுபோல எப்போதும்போலப் பேசுங்கள், விளையாடக் கூப்பிடுங்கள். ஒரு உதவியும் செய்யுங்கள் கண்ணுகளா. படித்து முடித்ததும் இந்த இதழை உங்கள் வகுப்பாசிரியரிடம் கொடுத்து, இந்தப் பக்கங்களை மட்டுமாவது படிக்கச் சொல்லுங்கள்.